பை சுருங்கியது, பாட்டில் இனித்தது

கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பதுதான் என் உத்தியோகம் என்று சொன்னபோது எங்கள் காலடிப்பேட்டைத் தெருவில் முதலில் சிரித்தார்கள், அப்புறம் எங்க அம்மாவிடம் வந்து துக்கம் விசாரித்தார்கள்.

பிளஸ் டூவில் எனக்குக் கெமிஸ்ட்ரி போய்விட்டது. மறுபடி எழுதச் சொன்னார்கள், எழுதவில்லை. பெரிய காரணம் எல்லாம் கிடையாது. பிடிக்கவில்லை, அவ்வளவுதான். வீட்டில் சும்மா உட்காரவும் பொறுமை இல்லை. அப்போதுதான் ஒரு காலேஜில் ஆராய்ச்சி பண்ணுகிற மேடம் ஒருவருக்கு, எண்ணூர் முகத்துவாரத்துப் பக்கம் ஒரு குப்பத்தில் வீடு வீடாகப் போய்த் தண்ணீரை அளக்க ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டுப் போய் நின்றேன். கெமிஸ்ட்ரியில் ஃபெயில் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். "வெயில்ல நடப்பியா?" என்று மட்டும் கேட்டார்.

அந்த ஆற்றில் கடல் தண்ணீர் ஒரு நாளைக்கு இரண்டு தடவை ஏறி இறங்கும். ஆற்றங்கரையில் குப்பம். குப்பத்தின் இன்னொரு கோடியில் மணல்மேடு. மழைத் தண்ணீர் மணல்மேட்டில் இறங்கித் தரைக்கடியிலேயே ஆற்றுப் பக்கம் கசிகிறதா, இல்லை ஆற்று உப்பு தரைக்கடியில் குப்பத்துக்குள் நுழைகிறதா, எந்த இடத்தில் எது நடக்கிறது என்பதுதான் மேடத்தின் கேள்வி. கேள்வி அவருடையது, ஆனால் பதில் குப்பத்துக்கு வேண்டும். ஏனென்றால் அங்கே ஒரே ஒரு பொது அடிபம்பு போட்டுத் தருவதாக ஏற்பாடு ஆகியிருந்தது. மேடம் கை காட்டுகிற இடத்தில்தான் துளை. தப்பான இடத்தில் போட்டால், அடிக்க அடிக்க ஆற்று உப்பை இழுத்துக்கொண்டு வந்து ஒரே கோடையில் பம்பு வீணாகிவிடும். இரண்டாவது பம்பு யாரும் தரப்போவதில்லை. லாரி வராத நாளில் காலிக் குடத்தோடு தெருமுனையைப் பார்த்து நின்றவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. நீங்களும் நின்றிருப்பீர்கள்.

பீப்

எங்கள் ஆயுதம் ஒரு டேப். நுனியில் ஒரு குண்டு இருக்கும். கிணற்றுக்குள் இறக்கினால், குண்டு தண்ணீரைத் தொட்ட நொடியில் மேலே பீப் என்று கத்தும். கிணற்று விளிம்பில் சிவப்பு பெயிண்டால் ஒரு கோடு போட்டு வைத்திருப்போம். அந்தக் கோட்டுக்கு நேராக டேப்பில் என்ன நம்பர் என்று பார்த்து நோட்டில் எழுத வேண்டும். இருபது கிணறு, பதினைந்து நாளைக்கு ஒரு தடவை. வீடு வீடாகக் கதவு தட்டுகிற எந்த வேலை பார்த்தவருக்கும் தெரியும், இருபது கிணறு என்பது இருபது நாய், இருபது விசாரணை.

முதல் நாள் முதல் வீட்டில் ஒரு அம்மா மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். பீப் சத்தம் கேட்டதும் கையில் கத்தியோடு எழுந்து வந்தார். கிணற்றுக்கு அந்தப் பக்கம் நகர்ந்து நின்றுகொண்டு, தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று பார்க்கிறேன் என்று விளக்கினேன். அவர் கிணற்றை எட்டிப் பார்த்தார், என்னைப் பார்த்தார், டேப்பைப் பார்த்தார்.

"தண்ணி கீதுன்னு எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். அப்பால யாருக்குக் கத்துதுமே அது?"

கவிழ்த்த டிரம்

இருநூறு லிட்டர் இரும்பு டிரம்மின் அடிப்பாகத்தை ஒரு முழ உயரத்துக்கு வெட்டி எடுத்து, ஆற்றுக்குள் இறங்கி, கவிழ்த்துச் சேற்றில் அழுத்த வேண்டும். டிரம்மில் ஒரு ஓட்டை, ஓட்டையில் ஒரு டியூப், டியூப் முனையில் கொஞ்சம் தண்ணீர் விட்ட பிளாஸ்டிக் பை. தரைக்கடியிலிருந்து தண்ணீர் ஆற்றுக்குள் ஊறி வந்தால் பை உப்பும். ஆற்றுத் தண்ணீர் தரைக்குள் இறங்கினால் பை சுருங்கும். இவ்வளவு பெரிய ஆராய்ச்சிக்கு இவ்வளவு சாதாரண சாமானா என்று எனக்கு ஏமாற்றமாக இருந்தது. எங்கள் லோடு ஆட்டோ ஓட்டுகிற டில்லி அண்ணன் வியாசர்பாடிக்காரர். ஞாயிற்றுக்கிழமை ஃபுட்பால், மீதி நாள் என்னைக் கிண்டல் பண்ணுவது, இதுதான் அவருக்குத் தெரிந்த இரண்டு ஆட்டம். இடுப்பளவு சேற்றில் டிரம்மின் மேல் ஏறி நின்று அழுத்திக்கொண்டே, "ஆத்துக்கு இன்னாமே சீக்கு? குளுக்கோஸ் ஏத்தற?" என்றார்.

பக்கத்தில் தேசம்மா அக்கா சேற்றில் கையை விட்டுத் துழாவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார். ஆற்றை ஒட்டின கடைசி வீடு அவருடையது. எங்களை வெகுநேரம் பார்த்துவிட்டு, "எதுக்கோசரம் இத்தினி பேஜாரு?" என்று கேட்டார். சொன்னேன். உடனே மணல்மேட்டை ஒட்டி ஆறு வளைகிற இடத்தைப் பார்த்துக் கையை நீட்டினார். "தோ, அந்த மோட்டு வளைவாண்ட மதியானத்துல கால வெச்சா அடிலேந்து சில்லுன்னு ஏறும். என் வூட்டாண்ட வா, சேறு வெந்நி மாதிரி கீது." மேடத்திடம் இதை விளையாட்டாகத்தான் சொன்னேன். அவர் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. தரைக்கடித் தண்ணீருக்கு வெயில் படாது, அதனால் அது ஊறி வருகிற இடம் குளிர்ச்சியாகத்தான் இருக்கும் என்றார். அடுத்த வாரம் நீளமான தெர்மாமீட்டரோடு வந்து சேற்றில் குத்தினார். வளைவில் குளிர்ச்சி, அக்கா வீட்டுப் பக்கம் சூடு. அவர் கையைக் காட்டின இடத்துக்கும் மீட்டர் காட்டின இடத்துக்கும் பத்தடிகூட வித்தியாசம் இல்லை. ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் இறால் கூடையிலிருந்து நிமிரவே இல்லை.

"என் காலுக்கு பேட்டரி வோணாம் பாப்பா, ஒரு டீ போதும்."

பொண்ணு பார்க்க வந்த கிணறு

ஒரு மேஸ்திரி வீட்டுக் கிணற்றில் திடீரென்று ஒன்றரை அடி தண்ணீர் இறங்கிவிட்டது. பக்கத்துக் கிணறுகள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. மேடம் போனில் பதறினார். யாராவது திருட்டுத்தனமாக மோட்டார் போட்டு உறிஞ்சுகிறார்களா, அடியில் ஏதாவது உடைந்துவிட்டதா என்று கேள்வி மேல் கேள்வி. நான் மறுபடி போய் அளந்தேன். அதே நம்பர். இன்னொரு தடவை. அதே நம்பர். மூன்றாவது தடவைதான் கிணற்றை நிமிர்ந்து பார்த்தேன். சுவர் புதுசாக இருந்தது. மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று மேஸ்திரி விளிம்பை ஒன்றரை அடி உயர்த்தி, பூசி, வெள்ளை அடித்திருக்கிறார். எங்கள் சிவப்புக் கோடு உள்ளே புதைந்துவிட்டது. பாவம், பாப்பா வந்து தேடுமே என்று, புது விளிம்பின் உச்சியில் அவரே சிவப்பு பெயிண்ட் வாங்கி, எங்கள் கோட்டைவிட அழகாக ஒன்று போட்டு வைத்திருக்கிறார்.

திட்டலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். அதற்குள் உள்ளேயிருந்து கேசரி வந்துவிட்டது. சம்பந்தம் முடிந்துவிட்டதாம். கேசரியைச் சாப்பிட்டுக்கொண்டே, கோடு ஏறினதால் நம்பர் மாறிவிட்டது என்று சொன்னேன். மேஸ்திரிக்கு உண்மையிலேயே வருத்தம்.

"கீழ கீற தண்ணிய நான் தொடவே இல்லியேம்மா. மேல கீற செவுத்தத்தான ஏத்துனேன்?"

கிணற்றுக்கு லீவு

ஆறு ஏறி இறங்கும்போது கிணறும் ஏறி இறங்குகிறதா என்று பார்க்க ஒரு நாள் வைத்தோம். விடிகாலை ஆறு மணியிலிருந்து சாயங்காலம் ஆறு மணி வரை அரை மணிக்கு ஒரு தடவை அளக்க வேண்டும். அன்று முழுக்க அந்தக் கிணற்றில் யாரும் தண்ணீர் இறைக்கக்கூடாது. இதை அந்த வீட்டில் போய் எப்படிக் கேட்பது? ஏழு பேர் இருக்கிற வீடு. கேட்டேன். அந்த வீட்டு அண்ணி தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் மறுநாள் விடிகாலை நான் போனபோது, குளிக்க வேண்டிய ஏழு பேரும் துண்டோடு பக்கத்து வீட்டுக்கு வரிசையாகப் போய்க்கொண்டிருந்தார்கள்.

ஆறு ஏறி முடிந்து இரண்டு மணி நேரம் கழித்துக் கிணறு ஏறியது. நாலு விரற்கடை. நிறைய இல்லை. ஆனால் அது ஏறியதை நான் பார்த்தேன். கண்ணுக்குத் தெரியாமல் தரைக்கடியில் ஆறு கிணற்றைத் தள்ளுகிறது, கிணறு மெதுவாக நகர்ந்து கொடுக்கிறது. பன்னிரண்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் எந்த நம்பரையும் பார்த்து எனக்கு மயிர்க்கூச்செறிந்தது இல்லை, அன்று ஆனது. மதியம் வெயிலில் கண்ணைச் சுற்றியது. ஒரு அளவு விட்டுவிடலாமா, நடுவில் ஒரு நம்பரை நானே போட்டுவிடலாமா என்று நினைத்ததை ஒளிக்கப்போவதில்லை. அண்ணி என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார். சோற்றுத் தட்டைக் கொண்டுவந்து கிணற்றடியிலேயே வைத்தார்.

"கெணத்துக்கு லீவு உட்டுகீறோம். ஒனக்கு லீவு உடல, குந்தி துன்னுட்டு எந்திரிச்சி அள."

பதினைந்து நிமிஷம்

இப்போது என் தப்பு.

உப்பு பார்க்க பாட்டிலில் தண்ணீர் பிடிக்க வேண்டும். கிணறு என்றால் வாளியைப் போட்டு எடுத்துவிடலாம். தேசம்மா அக்கா வீட்டில் கிணறு இல்லை, அடிபம்பு. குழாய்க்குள் தேங்கின பழைய தண்ணீர் போய், தரைக்கடித் தண்ணீர் வர வேண்டும் என்றால் பதினைந்து நிமிஷம் அடித்து ஊற்றிவிட்டுப் பிடிக்க வேண்டும். விதி அப்படி. அந்தப் பம்பின் கைப்பிடி இருக்கிறதே, அதை ஐந்து நிமிஷம் அடித்தாலே தோள் கழன்றுவிடும். முதல் ரவுண்டில் அக்கா என் கையிலிருந்த பாட்டிலைப் பிடுங்கி, "நீ மத்த வூட்டுக்குப் போ, நான் ரொப்பி வெக்கிறேன்" என்றார். போய்விட்டேன். இரண்டாவது ரவுண்டிலும் போய்விட்டேன். மூன்றாவது ரவுண்டில் பாட்டிலை வாசலில் வைத்துவிட்டு உள்ளே குரல் மட்டும் கொடுத்தேன். நோட்டில் மூன்று தடவையும் 'பதினைந்து நிமிஷம் அடித்தது' என்று என் கையெழுத்தில் இருக்கிறது.

சுற்றிலும் உப்பு, நடுவில் அக்கா வீட்டில் மட்டும் நல்ல தண்ணீர் என்று ரிசல்ட் வந்தது. மூன்று தடவையும். உப்புக்கு நடுவில் ஒரு நல்ல தண்ணீர்த் திட்டு இருக்கிறது, அங்கேதான் பம்பு என்று மேடத்துக்குக் கண்ணெல்லாம் வெளிச்சம். குப்பத்தைக் கூட்டிச் சொல்ல நாள் குறித்தாயிற்று. ஆனால் அக்கா வீட்டுக்கு நேர் எதிரே ஆற்றில் இருந்த டிரம்மின் பை, நாங்கள் போய்ப் பார்த்த நாளெல்லாம் சுருங்கியே இருந்தது. ஏற்றத்திலும் சுருக்கம், வற்றினபோதும் சுருக்கம். ஆறு அந்த இடத்தில் தரைக்குள் இறங்குகிறது என்றால் அங்கே எப்படி நல்ல தண்ணீர்? டில்லி அண்ணன் பையைத் தூக்கிக் காட்டினார். "பை ஒண்ணு சொல்லுது, பாட்டில் ஒண்ணு சொல்லுது. ரெண்டுல ஒண்ணு டபாய்க்குது."

கூட்டம் சாயங்காலம். காலையில் அக்கா வீட்டுக்கு ஓடினேன். புதுப் பாட்டிலைக் கொடுத்துவிட்டு, போகிற மாதிரி போய்ச் சந்தில் நின்று பார்த்தேன். அக்கா பம்புப் பக்கமே போகவில்லை. லாரித் தண்ணீர் பிடித்து வைத்திருந்த நீல டிரம்மைத் திறந்தார். பாட்டிலை இரண்டு தடவை அலசினார். முந்தானையால் பாட்டில் வாயைத் துடைத்தார். விளிம்பு வரை பார்த்துப் பார்த்து நிரப்பினார். நான் முன்னால் போய் நின்றபோது அவருக்கு ஒரு திருட்டு முழியும் இல்லை. நான் கத்தியதுதான் அவருக்கு ஆச்சரியம்.

"காலேசுக்குப் போற பாட்டுல்ல அந்த உப்புத் தண்ணியவா ரொப்புவாங்க? வூட்டுக்கு வந்தவங்களுக்கு யார்னா அத குடுப்பாங்களா?"

கூட்டம்

மேடத்துக்குப் போன் போட்டேனா? போடவில்லை. வேலை போய்விடும் என்று பயம். சாயங்காலம் நேரில் சொல்லலாம், கூட்டத்துக்கு முன்னால் சொல்லலாம், கூட்டம் முடிந்து சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே போனேன். படகு நிறுத்துகிற மணலில் எல்லாரும் உட்கார்ந்தாயிற்று. மேடம் எழுந்து, தேசம்மா வீட்டு வாசலில் பம்பு என்றார். அவ்வளவுதான், சண்டை பிடித்துக்கொண்டது. முதல் நாள் கத்தியோடு வந்தாரே, அந்த மீன் ஆய்கிற அம்மா எழுந்துவிட்டார். "அவ பம்புல சோப்பு நுரைக்காது! அது எப்டிமே நல்ல தண்ணி ஆச்சு? வாசல்ல பம்பு வோணும்னு இன்னாவோ பண்ணிகிறா!" பின்னாலிருந்து இன்னும் நாலு குரல். தேசம்மா அக்கா என்னைப் பார்த்தார், அப்புறம் மணலைப் பார்த்தார். என்னைக் காட்டிக்கொடுக்க அவருக்கு ஒரு வார்த்தை போதும். அந்த வார்த்தையை அவர் சொல்லவில்லை.

எனக்கு அதற்கு மேல் உட்கார முடியவில்லை. எழுந்து நின்று சொன்னேன். "பாட்டில நான் ரொப்பல. கை வலிக்குதுன்னு அக்காகிட்ட குடுத்துட்டுப் போயிட்டேன். பதினஞ்சு நிமிஷம் அடிச்சேன்னு பொய் எழுதினேன். லாரித் தண்ணி ஊத்தக்கூடாதுன்னு அவங்களுக்கு நான் சொல்லவே இல்ல. அவங்க மரியாதைக்கு ஊத்தினாங்க. பம்ப அங்க போடாதீங்க." யாரோ, "ஊருக்கே கை வலிச்சிருக்கும்மே, நல்ல வேள இப்பவாச்சும் சொன்ன" என்றார். அது எனக்கு உறைக்க வேண்டியதுதான். மேடம் என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்கு வராது.

தேசம்மா அக்கா எழுந்து வீட்டுக்குள் போனார். பம்பு அடிக்கிற சத்தம் கேட்டது. நின்றபாடில்லை. கூட்டம் முழுக்க அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தது. கடைசியில் ஒரு சில்வர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தார். மேடத்திடம் நீட்டினார். மேடம் ஒரு வாய் குடித்தார். துப்பவில்லை, விழுங்கினார். கண் கலங்கியது அவமானத்தாலா உப்பாலா என்று எனக்குத் தெரியாது. மீன் ஆய்கிற அம்மா நகர்ந்து, தன் பக்கத்தில் அக்காவுக்கு இடம் விட்டார். அக்கா உடனே உட்காரவில்லை.

"நான் கட்டிக்கினு வந்த நாளா இந்த வூட்டுக்கு வந்த ஒருத்தருக்கும் இந்தத் தண்ணிய குடுத்ததில்ல. ஒனக்குத்தாம்மா மொத தபா."

மேடு

ஆட்டோவில் திரும்பும்போது டில்லி அண்ணன்கூட என்னைக் கிண்டல் பண்ணவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். காலடிப்பேட்டையில் இறங்கும்போது டேப்பையும் நோட்டையும் திருப்பிக் கொடுத்தேன். மேடம் வாங்கிக்கொள்ளவில்லை. "இருபது கிணறும், அந்த அடிபம்பும், எல்லாம் மறுபடி. நான் வாட்சோட பக்கத்துல நிப்பேன்" என்றார். நின்றார். தேசம்மா அக்கா பம்பை நான் பதினைந்து நிமிஷம் அடித்தேன். அக்கா எண்ணிக்கொண்டே இருந்தார், டில்லி அண்ணன் கைதட்டிக்கொண்டே இருந்தார். தோளை ஒரு வாரம் தூக்க முடியவில்லை. இந்தத் தடவை மேடம் கையோடு கொண்டுவந்த உப்பு மீட்டர் காட்டினதும், பை சொன்ன அதே உப்புதான்.

பம்பு மணல்மேட்டு வளைவில் வந்தது. அக்கா கால் சில்லென்று சொன்ன அதே பக்கம். முதல் குடம் நிரம்பும்போது நான் மீட்டரைக் குடத்துக்குள் விட்டுப் பார்த்தேன். நல்ல தண்ணீர். ஆனால் மீட்டரை யார் பார்த்தார்கள், எல்லாரும் கையில் பிடித்துக் குடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கிணற்றடி அண்ணி, கேசரி மேஸ்திரி, கத்தி அம்மா, ஒருத்தர் பாக்கி இல்லை. ஏமாற்றின என்னை யாரும் வாசலோடு அனுப்பவில்லை, இன்றுவரைக்கும் இருபது வீட்டிலும் எனக்கு ஏதாவது ஒரு தட்டு இருக்கிறது. குப்பத்திலேயே அதிக தூரம் நடக்க வேண்டியது தேசம்மா அக்காதான், ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு. இடுப்பில் குடத்தோடு மூச்சு வாங்கிக்கொண்டு வந்து நின்றார். குடத்தை நிரப்புவதற்கு முன்னால் என் பாட்டிலைக் கேட்டு வாங்கினார். நான் தயங்குவதைப் பார்த்துவிட்டு, என் கண் முன்னாலேயே பம்புக்கு நேராகப் பிடித்துக் காட்டினார்.

"மோட்டுக்கு ஏற வெச்சிட்டியேமே. போவட்டும், இந்தத் தண்ணிய எவன் வந்தாலும் தைரியமா குடுக்கலாம்."

கெட்ட தண்ணீரைக் கண்டுபிடிக்க மேடத்திடம் மீட்டர் இருக்கிறது, நல்ல மனசோடு ஊற்றின தண்ணீரைக் கண்டுபிடிக்கத்தான் இன்னும் என் தோள்பட்டை தேவைப்படுகிறது.